ஆறு கிளாஸ், ஒரு தட்டு

பீர் குடிக்கப் பெங்களூர் போகிறேன் என்பதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் இது சாதாரணக் காரியம் இல்லை. இங்கே ஆண்கள் குடிக்கப் போனால் வீட்டில் வேறு ஏதாவது பெயர் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இடம் பார்க்கப் போகிறோம், நண்பரின் மாமனாருக்கு உடம்பு சரியில்லை, குருவாயூரில் ஒரு நேர்த்திக்கடன் என்று என்னென்னவோ. நான் மனைவியிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ஏன் சர்ச்சுக்கு வரவில்லை என்று கேட்கப்போகிற பாஸ்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர், வண்டி மட்டும் ஓட்டாதீங்க என்று சொல்லி ஒரு சின்ன ஜெபமும் பண்ணி அனுப்பினார்.

எதையும் ஒளித்து வைக்கிற ஆள் நான் இல்லை என்கிற திமிர் அப்போது எனக்கு நிறைய இருந்தது. அதில் எவ்வளவு பொய் என்பதை என் மனைவி ஒரே கேள்வியில் காட்டிவிட்டாள். அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூவரும் கணபதிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் தரப் பரிசோதனை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்ப்கூட கேட்டைத் தாண்டாது. இன்னொருவர் டிசைன் செக்‌ஷன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஒரு காலத்தில் மில் வைத்திருந்த குடும்பத்தில் ஏதோ ஒரு கிளை. இங்கே அவர் டிசைன்காரர். மூன்றாமவர் பர்ச்சேஸ். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அவர் அப்பாவுக்குப் பெரிய தென்னந்தோப்பு இருக்கிறது. அவர் தோப்புக்காரர். நான் காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஊரை விட்டுத் தள்ளி இருந்த எங்கள் வளவில் பிறந்தவன். என் அப்பா கடைசிவரைக்கும் ஒரு பண்ணாடியின் தோட்டத்தில் பண்ணையத்து ஆள். தோப்புக்காரரின் அப்பா மாதிரி ஒரு பண்ணாடி. இதற்கு மேல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

டிசைன்காரர் ஒரு பயிற்சிக்காகப் பெங்களூர் போய்விட்டு வந்ததில் ஆரம்பித்தது இது. கம்பெனிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாரம் முழுக்க அதையே பேசினார். அங்கே பீரை அந்தக் கடையிலேயே காய்ச்சுகிறார்களாம். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பாத்திரங்கள் நிற்கிறதாம். கோதுமையில் ஒன்று, காப்பிக்கொட்டை வாசத்தோடு கறுப்பாக ஒன்று, மாம்பழக் காலத்தில் மாம்பழம் போட்டு ஒன்று. குடும்பம் குடும்பமாக வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்களாம். அந்த வெளிச்சம் என்கிற சொல்தான் என்னைப் பிடித்தது. எங்கள் ஊர் அரசுக் கடையின் பாரைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தரையில் எப்போதும் ஏதோ ஒரு ஈரம், வேகாத சுண்டல், தலையைக் குனிந்துகொண்டு அவசர அவசரமாக ஊற்றிக்கொள்கிற மனுஷர்கள். பீர் அங்கே ஒரே ருசிதான். அதுவும் பாதி நாள் சூடாக இருக்கும்.

அதனால்தான் மாதம் ஒரு ஞாயிறு தோப்புக்காரரின் தோப்புக்குப் போவோம். மத்தியானம், மோட்டார் ரூமுக்கு முன்னால், கயிற்றுக் கட்டில்களில். கோழியை அங்கேயே அடித்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டு வறுப்பார்கள். எல்லோருக்கும் வாழை இலைதான். பீர் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்து குளிர்ந்திருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்குக் கப். தூக்கிப்போடுகிற கப்.

முதல் தடவை அதைக் கையில் கொடுத்தபோது தோப்புக்காரர் மெதுவாக, அப்பா இருக்காருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். நான் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. நினைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம் நினைக்காமலே குடித்திருக்கிறேன். முதலில் வெள்ளை பிளாஸ்டிக் கப்பாக இருந்தது. பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள், பேப்பர் கப்பானது. அப்புறம் பூப்போட்ட பேப்பர் கப். கப்பின் தரம் உயர்ந்துகொண்டே வந்தது, என் தரம் அங்கேயே நின்றது. இன்னும் கேவலம் ஒன்று சொல்கிறேன். பேப்பர் கப்பில் பீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் அடித் தையலில் ஊறி ஒழுகும். அதைக் கண்டுபிடித்து, அடியில் இரட்டை மடிப்பு இருக்கிற கப்பாகப் பார்த்து வாங்குங்க என்று தோப்புக்காரருக்கு ஆலோசனை சொன்னதே நான்தான். தரப் பரிசோதனை ஆளாச்சே.

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாங்க, உக்காருங்க, இன்னொரு துண்டு போட்டுக்குங்க, வெயிலா இருக்குதுங்களா, கட்டில நெழலுக்கு நவுத்தறேனுங்க என்று சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுவார் தோப்புக்காரர். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் தன் காரைக் கொடுத்தவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷரின் கையிலிருந்து வாங்குகிறபோது அந்தக் கப் கனமாகத் தெரிவதில்லை. என் கணக்கில் அதுதான் மோசம்.

பெங்களூர் யோசனை உறுதியானதும் திட்டம் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அது கைவந்த வேலை. கம்பெனியில் பம்ப்புக்குப் போடுகிற செக்-ஷீட் மாதிரியே ஒன்று போட்டேன். சனிக்கிழமை காலையில் தோப்புக்காரரின் காரில் அவிநாசி, சேலம் வழியாகப் போவது. எத்தனை மணிக்கு எங்கே சாப்பாடு, எந்த ஏரியாவில் அறை, எந்தக் கடை முதலில். ஒவ்வொரு பீருக்கும் நிறம், வாசம், நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, கசப்பு என்று தனித்தனிக் கட்டம். டிசைன்காரர் அதைப் பார்த்துவிட்டு, குடிக்கப் போறமா ஆடிட்டுக்குப் போறமா என்று சிரித்தார். சிரித்தாலும் அவர்தான் அங்கே பீர் வைத்துக் கொடுக்கிற தட்டைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். போனவுடனே பெரிய கிளாஸ் வாங்கிவிடக் கூடாதாம். மரத்தட்டில் ஆறு சின்ன கிளாஸ் வைத்துக் கொடுப்பார்களாம், ஆறும் ஆறு வகை. ஒரு தட்டை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு மடக்காகக் கைமாற்றிக் குடித்துப் பார்த்து, பிடித்ததைச் சொல்லி வாங்குவதுதான் முறையாம்.

தோப்புக்காரர் உடனே, "ஆளுக்கு ஒரு தட்டு வாங்கிப்போடலாமுங்க" என்றார். பதினெட்டு கிளாஸ் குடித்த பிறகு எது பிடித்தது என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது என்றார் டிசைன்காரர். இல்லீங்க, எச்சல் பண்ணுனதக் குடிக்கறது சுகாதாரம் இல்லீங்களே என்றார் தோப்புக்காரர். நானும் தலையை ஆட்டினேன், ஆமாமுங்க, சுகாதாரம் முக்கியம் என்று. டிசைன்காரர் குடித்து வைத்த பாட்டிலில் இருந்த மிச்சத்தை எத்தனையோ ஞாயிறு இதே தோப்புக்காரர் அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டதைப் பார்த்தவன் நான். பார்த்த கண் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. செக்-ஷீட்டில் 'தட்டு - 3' என்று என் கையாலேயே எழுதினேன்.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், எடுத்துப் போக வேண்டிய சாமான்களை ஒரு தாளில் எழுதி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாயந்திரம் என் மனைவி பால் எடுக்கப் போனவள் அதைப் படித்துக்கொண்டு நின்றாள். போன் சார்ஜர், தலைவலி மாத்திரை, துண்டு இரண்டு, எலுமிச்சம்பழம். கடைசி வரியில் விரல் வைத்தாள்.

"ஏனுங்க, பேப்பர் கப்பு ஒரு பாக்கெட்டுன்னு எழுதியிருக்குதே, அது ஆருக்குங்க?"

கண்ணாடிக் கிளாஸில் கொடுக்கிற கடைக்கு, மரத்தட்டில் வைத்துக் கொடுக்கிற கடைக்கு, ஏழு மணி நேரம் கார் ஓட்டிப் போகிற ஊருக்கு, நான் எனக்குப் பேப்பர் கப் எடுத்துக்கொண்டு போகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. தோப்புக்காரர்கூடச் சொல்லவில்லை. என் கை தானாக எழுதியிருக்கிறது. பீர் என்றால் கப் என்று அதற்குப் பழகிப் போயிருக்கிறது.

அவள் புரிந்துகொண்டாள். தோப்பில் என்ன நடக்கிறது என்று நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாஸ்டர் வரைக்கும் போய்ப் பீரைச் சொன்னவன் கட்டிய மனைவியிடம் கப்பைச் சொல்லவில்லை. அவள் கத்தவில்லை, அழவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, காகிதம் கிழிகிற அளவுக்கு இன்னொரு தரமும் அடித்துவிட்டு, பாலைக் காய்ச்சப் போனாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

காலையில் எழுந்ததும் எங்கள் மூன்று பேர் வாட்ஸ்அப் குரூப்பில் திருத்தின திட்டத்தைப் போட்டேன். ஒரே ஒரு மாற்றம்தான். மூன்று தட்டு கிடையாது, ஒரு தட்டு, மூன்று பேரும் அதிலேயே. டிசைன்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தைப் போட்டார். தோப்புக்காரர் படித்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. இரண்டு நாள் டீக்கடைப் பெஞ்சுக்கும் வரவில்லை, ஸ்டோர்ஸில் வேலை இருக்கிறதாம்.

மூன்றாம் நாள் வந்தார். டீயை வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துப் பேசினார். அவருக்குப் புரிந்துவிட்டதாம். அவருக்குத் தனிப்பட்ட முறையில் இதெல்லாம் ஒன்றுமே இல்லையாம். "பெங்களூர்ல என்னுங்க, ஆரு பாக்கறாங்க? அங்க ஒரே கிளாசுல குடிச்சுக்கலாமுங்க" என்றார்.

எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம். அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அப்படி ஏறியிருக்காது. யாரும் பார்க்காத ஊரில் நான் மனுஷன். பார்க்கிற ஊரில் கப். ஏழு மணி நேரம் தள்ளிக் கொண்டுபோய் வைத்தால்தான் என் வாய் சுத்தமாகும் என்றால் அந்தச் சுத்தத்தை நான் என்ன செய்வது? அதைச் சொன்னேன், டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற குரலில். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். "இங்க டெஸ்ட்டுல பாஸாகாத பம்ப்ப நான் வெளியூருக்கு அனுப்பறதில்லீங்க. வர்ற ஞாயித்துக்கெழம உங்க தோப்புல, மூணு டம்ளர். அது நடந்தா பெங்களூர். இல்லீன்னா உங்க காரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

டிசைன்காரர் நெளிந்தார். தனியாக என்னைப் பிடித்து, இத்தனை நாளாகத் தான் அதைக் கவனிக்கவே இல்லை என்றார். அரை மில்லிமீட்டர் தப்பு இருந்தால் வரைபடத்தைத் தூக்கி எறிகிற ஆள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவன் கையில் ஆறு வருஷமாக என்ன இருந்தது என்று கவனிக்கவில்லையாம். அவருக்கும் இரண்டு வார்த்தை கிடைத்தது. வாங்கிக்கொண்டு, பேசாம இருந்துபோட்டேனுங்க, கவனிச்சேன், பேசாம இருந்துபோட்டேன் என்றார். அந்த மட்டுக்கும் உண்மை சொன்னாரே என்று விட்டேன்.

ஞாயிறு மத்தியானம் போனோம். தோப்புக்காரர் தயாராக இருந்தார். அவர் அப்பா உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பொழுது சாய்ந்துதான் வருவார் என்றார். இதிலும் ஒரு தந்திரம் என்று எனக்குப் பட்டது, ஆனாலும் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு நடுவே ஒரு பலகை, பலகை மேல் மூன்று எவர்சில்வர் டம்ளர். துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார். மூன்றிலும் அவரே ஊற்றினார். என் டம்ளரில் நுரை அடங்கக் காத்திருந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் பிரியமே வந்தது. சரி, முயற்சி பண்ணுகிறார் மனுஷன் என்று நினைத்தேன்.

நான் டம்ளரைத் தொடுவதற்குள் கேட் பக்கம் மொபெட் சத்தம் கேட்டது. கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு அவர் அப்பா வந்துவிட்டார்.

தோப்புக்காரர் யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். யோசிக்க நேரமே இல்லை. மொபெட் தென்னைக்குப் பின்னால் வளைந்து வருவதற்குள் அவர் கை என் டம்ளரைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தது. இன்னொரு கை மோட்டார் ரூம் ஜன்னலுக்குப் போய், அங்கே இருந்த அடுக்கிலிருந்து ஒரு கப்பை உருவி என் முன்னால் வைத்தது. பூப்போட்ட கப், அடியில் இரட்டை மடிப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. முகம் செத்துப் போயிற்று.

பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் கல்யாணச் சந்தனம். வாங்க தம்பி, எப்ப வந்தீங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா என்று என்னைத்தான் முதலில் கேட்டார். நான் எழுந்தேன். தோப்புக்காரரின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு அந்த டம்ளரை எடுத்தேன். பெரியவரைப் பார்த்துக்கொண்டே பாதி குடித்தேன். பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான். நாற்பது வயதில், கையெழுத்துப் போடுகிற வேலையில் இருந்துகொண்டு, ஒரு டம்ளர் பீருக்குப் பயந்தேன்.

பெரியவர் சத்தம் போடவில்லை. அவர் குரலில் கோபம்கூட இல்லை. "கப்பு நாந்தான் தம்பி வாங்கி வெக்கறது. உங்களுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னுதான் நல்ல கப்பாப் பாத்து வாங்கி வெக்கறேன்" என்றார்.

அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். என் அப்பாவுக்கு அவர் பண்ணாடி வீட்டில் தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு கொட்டாங்குச்சி இருந்ததும், அது மாட்டுக்கொட்டாய்க் கூரையில் சொருகி இருந்ததும் ஞாபகம் வந்தது. என் அப்பாவும் அதைக் குறை என்று சொன்னதில்லை. "நீங்க கொற வெக்கலீங்க. நாந்தான் இத்தன நாளும் வாங்கிக் குடிச்சு உங்களுக்குப் பழக்கி உட்டுட்டேன். இனிமே வாங்க வேண்டாமுங்க" என்றேன். மிச்சத்தையும் குடித்து, டம்ளரைப் பலகை மேலேயே வைத்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் பஸ் ஏறினேன். டிசைன்காரர் கொஞ்ச தூரம் பின்னாலேயே தன் காரில் வந்து, ஏறிக்குங்க, ஏறிக்குங்க என்று கெஞ்சினார். ஏறவில்லை. எனக்கு நடக்க வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை டிசைன்காரரிடம் சொல்லிவிட்டேன். நான் போவது உறுதி. நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ஒருத்தருக்காக என் பீரை நான் விடுவதாக இல்லை. அவர் வருகிறேன் என்றார். விடியக்காலை ரயிலில் இரண்டு டிக்கெட் போடலாம் என்று செல்போனை எடுத்தபோது தோப்புக்காரர் என் பரிசோதனை மேஜைக்கு வந்து நின்றார். பர்ச்சேஸ் ஆள் எங்கள் பக்கம் வருவது அபூர்வம். பக்கத்தில் ஒரு பம்ப்பைத் தண்ணீர் ஏற்றி அழுத்தத்தில் வைத்திருந்தோம். எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கிற டெஸ்ட். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தன் அப்பா முந்தின நாளிலிருந்து தன்னிடம் பேசவில்லை என்றார். நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. அம்மா அந்த டம்ளரை ஒன்றும் செய்யவில்லை, மற்றதோடு சேர்த்துத்தான் கழுவிக் கவிழ்த்தார் என்றார். அதற்கும் நான் சந்தோஷப்படவில்லை. ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததற்கு யாரும் கும்பிட வேண்டியதில்லை. கடைசியில், "நானும் வாரேனுங்க. ஒரே தட்டு" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அது தானாகப் போன கை. என் கையும் தானாகத்தானே அந்த லிஸ்ட்டை எழுதியது. என் கையை நான் திருத்திக்கொள்கிறபோது அவர் கையையும் அவர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் சும்மா விடக்கூடாது என்றும் இருந்தது. "வாங்க. ஆனா ஆறு கிளாசுலயும் மொத மடக்கு நான். ரெண்டாவது நீங்க. அவரு கடேசி. ஒத்துக்கறீங்களா?" என்றேன்.

அது ஏன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் எந்தப் பந்தியிலும், எந்த வரிசையிலும், யார் முதலில், யார் யாருக்கு மிச்சம் வைக்கலாம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் சரிங்க என்றார். அந்தச் சரிங்கவை நான் நம்பவில்லை. இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் சரிங்க என்பார்கள். டிக்கெட்டை மட்டும் மூன்றாகப் போட்டேன்.

ரயிலில் மூன்று பேரும் கிரிக்கெட் பேசினோம், இரும்பு விலை பேசினோம், அதைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். பெங்களூரில் இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குக் கடைக்குள் போனோம். டிசைன்காரர் சொன்னது அவ்வளவும் நிஜம். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய பாத்திரங்கள். கூரையெல்லாம் கண்ணாடி, வெயில் நேராக மேஜை மேல் விழுந்தது. பக்கத்து மேஜையில் ஒரு வயசான அம்மா பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி குடித்துக்கொண்டிருந்தார். மரத்தட்டு வந்தது. ஆறு சின்ன கிளாஸ், வெளிர் மஞ்சளிலிருந்து கறுப்பு வரைக்கும்.

நான் முதல் கிளாஸை எடுத்தேன். கோதுமை. நுரை உதட்டில் ஒட்டியது, வாழைப்பழ வாசம் மாதிரி ஏதோ அடித்தது. நன்றாகவே இருந்தது. துடைக்காமல் அப்படியே தோப்புக்காரர் பக்கம் நகர்த்தினேன். டிசைன்காரர் மெனு அட்டையை மிகவும் அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

தோப்புக்காரர் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தலையைப் பின்னால் சாய்த்து, கிளாஸை நெற்றிக்கு மேலே தூக்கி, வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றினார்.

தண்ணீரை அண்ணாந்து குடிக்கலாம், மோரைக் குடிக்கலாம். பீரை முடியாது. நுரை முதலில் இறங்கி மூக்கில் ஏறியது. இருமல் வெடித்தது. மிச்சம் கழுத்து வழியாக இறங்கி, பயணத்துக்கென்று வாங்கின புதுச் சட்டையை நனைத்தது. பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்தார்கள், அந்த வயசான அம்மா கன்னடத்தில் ஏதோ அதட்டினார். டிசைன்காரர் மெனு அட்டைக்குப் பின்னால் குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே கிளாஸ் என்று சொன்ன வாக்கை அவர் மீறவில்லை. என் உதடு பட்ட இடத்தில் தன் உதட்டை மட்டும் வைக்கவில்லை. அதற்காக இத்தனை பேருக்கு முன்னால் மூக்கில் பீர் ஏற்றிக்கொள்ளவும் தயாராக இருந்திருக்கிறார்.

அவர் இருமி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தேன். டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இரண்டாவது கிளாஸை எடுத்து, ஒரு மடக்குக் குடித்து, என் உதட்டு ஈரம் கண்ணாடியில் தெரிகிற பக்கமாக அவருக்குத் திருப்பி வைத்தேன்.

"மெதுவாக் குடிங்க. இன்னும் அஞ்சு கிளாஸ் இருக்குதுங்க" என்றேன்.

அவர் அதைத் தொட ரொம்ப நேரம் ஆயிற்று. கிளாஸுக்கு வெளியே பனி பூத்து, தட்டில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. பிறகு எடுத்தார். தாடைவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பிடிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. இந்தத் தடவையும் அண்ணாந்தால் எழுந்து போய்விடுவது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். அவர் உதட்டில் வைத்தார். குடித்தார். கீழே வைத்தார்.

எனக்குச் சந்தோஷமெல்லாம் வரவில்லை. இதற்கு ஆறு வருஷமா என்று அழுகைதான் வந்தது, அதை அந்த மேஜையில் வைத்து அழ எனக்கு இஷ்டமில்லை. டிசைன்காரர் தன் முறைக்குக் கையை நீட்டினார். நான் அவருக்கு முன்னால் அந்தக் கிளாஸை எடுத்து, தோப்புக்காரர் வாய் வைத்த பக்கத்திலேயே நானும் வாய் வைத்து இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு, அப்புறம்தான் டிசைன்காரரிடம் கொடுத்தேன்.